தானே புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?

கணக்கெடுப்பு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, பழகிக்கொள்ளலாம் என்று கேள்விகள் ஏற்றிக் கொடுத்த டேப்லெட்டை (நாங்கள் டேப் என்போம்) எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன். "உங்கள் முக்கியத் தொழில் என்ன?" என்று அதில் இருக்கிறபடியே வாசித்ததும் அம்மா சிரித்துவிட்டு, "எனக்கென்னடி தொழிலு, சும்மாதான இருக்கேன்" என்றாள். நானும் 'வீட்டு வேலை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இரண்டு கேள்வி தாண்டின பிறகுதான் உறைத்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் இவள். கொட்டைத் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து, தோல் உரிந்து, சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்த காசில்தான் நான் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அப்படிப் படித்த நானே கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் என் கையால் 'இல்லத்தரசி' என்று எழுதியிருக்கிறேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அன்றைக்கே உறைத்த பிறகும் களத்தில் அதே தப்பை இரண்டு வாரம் செய்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2024-ல் கடலூர் மாவட்டத்தில் எடுத்த ஆய்வு இது. யார் எடுத்தார்கள், எந்தெந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். விஷயம் இதுதான்: 2012-ல் ஒருமுறை பேட்டி எடுத்த குடும்பங்களையே திரும்பத் தேடிப் போய், இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் மேலே வந்திருக்கிறார்களா, அப்படியே இருக்கிறார்களா, இறங்கிவிட்டார்களா, அப்பன் பாட்டன் நிலைமையிலிருந்து பிள்ளைகள் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. இந்த மாதிரி வேலைக்கு இப்போது நிறையப் பிள்ளைகள் போகிறார்கள். பயிற்சியில் மூன்று நாள் டேப்பை எப்படித் தொடுவது என்று சொல்லித்தருவார்கள், மனுஷனிடம் எப்படிக் கேட்பது என்று அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் விட்டுப்போனதைத்தான் எழுதுகிறேன்.

ஒரே குடும்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றும் புது யோசனை இல்லை. பிரிட்டனில் 1946 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்தவர்களில் 5,362 பேரைப் பிடித்து, இன்று வரைக்கும் பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களுக்கு வருஷா வருஷம் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புவார்களாம். நம் பக்கத்திலேயே, திருவெண்ணெய்நல்லூர் அருகே இருக்கிற இருவேல்பட்டில், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் ஏற்பாட்டில் 1916-ல் கணக்கெடுத்தார்கள். அதே ஊருக்கு 1930களில், 1961-ல், 1981-ல், 2008-ல் என்று வேறு வேறு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். ஒரு பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர், ஆட்கள் விவசாயத்தை விட்டு வெளி வேலைக்குப் போகப் போக எப்படி அந்தப் பிடியிலிருந்து நழுவியது என்பது இப்படித் திரும்பிப் போனதால்தான் தெரிந்தது. ஒருமுறை மட்டும் போயிருந்தால் 'இது ஜமீன் மாதிரி ஊர்' என்று எழுதிவிட்டு வந்திருப்பார்கள்.

சரி, களத்துக்கு வருகிறேன். முதல் தலைவலி ஆளைக் கண்டுபிடிப்பது. எங்கள் கையில் 2012 பட்டியல் இருந்தது. பெயர்களை யாரோ ஆங்கிலத்தில் தட்டி, அதை இன்னொருவர் தமிழாக்கி, 'தனம்' 'தானம்' ஆகியிருந்தது, 'ஆதிலட்சுமி' 'அதிலட்சுமி' ஆகியிருந்தது. அதில் இருந்த செல் நம்பர் பத்தில் ஒன்பது உயிரோடு இல்லை. தெருவில் போய் "ராஜேந்திரன் வீடு எது?" என்றால் நாலு ராஜேந்திரன். "எந்த ராஜேந்திரன், பால்காரரா, மிலிட்டரியா, சிங்கப்பூர்க்காரரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் பட்டப்பெயர்தான் முகவரி. அதனால் நான் பேட்டி முடிக்கும்போது கடைசியாக, "உங்களை ஊர்ல எப்படிச் சொன்னா தெரியும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். சிரிப்பார்கள், ஆனால் சொல்வார்கள். இன்னொன்று, அவர்களுடைய நம்பரோடு, ஊரை விட்டுப் போகவே போகாத ஒரு சொந்தக்காரர் நம்பரையும் வாங்குங்கள். கல்யாணமாகி உள்ளூரிலேயே இருக்கிற நாத்தனார், மளிகைக்கடை வைத்திருக்கிற சித்தப்பா, இப்படி. மகன் நம்பரை நம்பாதீர்கள், அவன்தான் முதலில் சிம் மாற்றுவான்.

கிடைக்காத குடும்பத்தை 'கிடைக்கவில்லை' என்று மூடிவிட்டுப் போவது ரொம்ப சுலபம். அங்கேதான் ஆய்வே கோணலாகிறது. யார் கிடைக்கமாட்டார்கள்? நன்றாக மேலே போய் சென்னையிலோ திருப்பூரிலோ குடியேறியவர்களும், கடன் தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போனவர்களும். இரண்டு கோடியிலும் இருப்பவர்கள் விட்டுப்போய், நடுவில் நகராமல் இருக்கிறவர்களை மட்டும் எண்ணிவிட்டு 'பெரிய மாற்றம் இல்லை' என்று எழுதுவோம். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு (IHDS) 2004-05-ல் 41,554 குடும்பங்களைப் பேட்டி கண்டு, 2011-12-ல் அவற்றில் 83 சதவீதத்தைத் திரும்பப் பிடித்தது. இதைப் பயிற்சியில் கேட்டபோது 'பதினேழு சதவீதம் போச்சே' என்று நினைத்தேன். களத்துக்குப் போய் ஒரு வாரம் ஆனதும் அந்த 83-ஐ நினைத்துக் கும்பிடு போட்டேன்.

கிடைத்தாலும் அது பழைய குடும்பமாக இருக்காது. ஒரு வீடு மூன்று உலையாகியிருக்கும். அப்பா போய்ச்சேர்ந்திருப்பார், பெரியவன் தெற்கு வாசலில், சின்னவன் மாடியில், அம்மா பின்னால் ஓட்டுச்சாய்ப்பில் தனியாகப் பொங்கிக்கொண்டிருப்பாள். விதிப்படி ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். மகனைப் பேட்டி எடுத்தால் குடும்பம் ஏறியிருக்கிறது, அம்மாவைப் பேட்டி எடுத்தால் இறங்கியிருக்கிறது. நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று மூன்று உலைக்கும் தனித்தனியாகப் படிவம் போடுங்கள். மேற்பார்வையாளர் ஒரு நாளைக்கு இத்தனை என்று நெருக்குவார், நெருக்கட்டும்.

ஊருக்குள் எப்படி நுழைவது என்பதும் படிவத்தில் இருக்காது. முதல் ஊரில் நாங்கள் மரியாதைக்கு என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, அவர் அனுப்பிய பையனோடு காலனிக்குப் போனோம். அவ்வளவுதான். காலனியில் எல்லோரும் மரியாதையாக, சுருக்கமாக, ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். கடன் இல்லை, பிரச்சினை இல்லை, ஊரில் எல்லோரும் ஒத்துமை. அந்தப் பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான் என்பதை நாங்கள் சாயங்காலம் டீக்கடையில்தான் யோசித்தோம். அடுத்த ஊரிலிருந்து காலனியில் ஆரம்பித்தேன், யாரையும் கூட அழைத்துப் போகவில்லை, தண்ணி கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். வீட்டுக்காரர்கள் நாம் தண்ணியை என்ன செய்கிறோம் என்று பார்ப்பார்கள். பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

அப்புறம், நாம்தான் அவர்களைக் கேள்வி கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். "எந்த ஊரும்மா நீ? எந்தத் தெரு? அங்க யாரு வூட்டுப் பொண்ணு?" மூன்று கேள்வியில் நம் சாதி, நிலம், அப்பா எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். நம் படிவத்தில் அதே தகவலை எடுக்க நாற்பது கேள்வி. நான் மழுப்பாமல் சொல்லிவிடுவேன். மழுப்பினால் அவர்களும் மழுப்புவார்கள்.

'என்ன வேலை' என்ற கேள்விக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் எல்லாமே இருக்கிறது. உலகம் முழுக்க இந்த ஆய்வுகளில் ஒரு கேள்வி உண்டு: உங்களுக்குப் 14 வயதாக இருந்தபோது உங்கள் தந்தை என்ன வேலை செய்தார்? அதை இன்றைய உங்கள் வேலையோடு ஒப்பிட்டுத்தான் ஏற்றமா இறக்கமா என்று பார்ப்பார்கள். எங்கள் ஊர்களில் இதற்குப் பத்தில் எட்டுப் பேர் சொன்ன பதில் "விவசாயம்". இருபது ஏக்கர் வைத்திருந்தவரின் மகனும் "அப்பா விவசாயம்", அந்த இருபது ஏக்கரில் நாற்று நட்ட ஆளின் மகனும் "அப்பா விவசாயம்". இரண்டையும் ஒரே குறியீட்டில் போட்டுவிட்டால் அப்புறம் எந்தக் கணினியாலும் பிரிக்க முடியாது. "சொந்தக் கழனியா, குத்தகையா, வாரமா, கூலிக்குப் போனாரா? வருஷம் முழுக்க ஒரே வீட்டுக்கா?" என்று தோண்ட வேண்டும். 'பண்ணையாள்' என்ற சொல்லைச் சிலர் சொல்லத் தயங்குவார்கள். "அவங்க வீட்லயே இருந்தாரு" என்பார்கள். அதன் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும்.

நெய்வேலி பக்கத்தில் "என்எல்சியில இருக்கான்" என்பதும் இதே கதைதான். நிரந்தரமா, தொழிலாளர் கூட்டுறவுச் சொசைட்டி மூலமாகவா, காண்ட்ராக்டா என்று கேட்காமல் எழுதினால், ஒரே கேட் வழியாக உள்ளே போகிற இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற மலையை ஒரு கட்டத்தில் அடைத்துவிடுகிறோம். டிரைவர் என்றால் சொந்த வண்டியா, தவணை ஓடுகிறதா, ஓனர் வண்டியா. கொத்தனாரா சித்தாளா. "பிசினஸ்" என்றால் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள், அது பைனான்ஸ் கம்பெனியும் ஆகலாம், சைக்கிளில் கோலமாவும் ஆகலாம்.

படிப்பிலும் இப்படி ஒரு குழி. எழுபது வயதுக்காரர் "எஸ்எஸ்எல்சி" என்றால் நம் பிள்ளைகள் பத்தாவது என்று போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ முறை வருவதற்கு முன்னால் எஸ்எஸ்எல்சி என்றால் பதினோரு வருஷப் படிப்பு. 'மூணாம் ஃபாரம்' என்றால் எட்டாவது, மூணாவது இல்லை. ஒரு பெரியவரை நான் மூன்றாம் வகுப்பு என்று பதிந்து, அவர் எழுந்து உள்ளே போய்த் தன் பழைய சான்றிதழை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து என் மடியில் வைத்தார். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வயது. ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் அது தெரியாத தேதி. பள்ளிக்கூடச் சான்றிதழில் மே, ஜூன் என்று இருந்தால் அது வாத்தியார் போட்ட தேதி. அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று எல்லோரும் ஐந்தின் மடங்கில்தான் இருப்பார்கள். பிரிட்டன்காரர்கள் மாதிரி வாழ்த்து அட்டை அனுப்புவதென்றால் நாம் பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்றாம் தேதியே மொத்தமாகத் தபாலில் போட்டுவிடலாம். எண்ணைக் கேட்காமல் எதையாவது வைத்துக் கேட்க வேண்டும். "எம்ஜிஆர் செத்தப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றால் 1987 டிசம்பருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும். இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம், ராஜீவ் காந்தி செத்த வருஷம், சத்துணவு வந்த வருஷம் (1982), சுனாமி. பெண்களுக்கு இதைவிடத் துல்லியமான காலண்டர் இருக்கிறது: பிள்ளைகள். "பெரியவ வயித்துல இருந்தப்பதான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டோம்", "ரெண்டாவது பையன் தவழறப்ப அவருக்குக் கால் போச்சு." அதனால் பிள்ளைகள் பிறந்த வருஷங்களை முதலில் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் அதில் மாட்டினேன்.

எனக்கு ரொம்ப உதவியது அரசாங்கம் கொடுத்த இலவசப் பொருள்தான். நான் கிண்டலாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் போனதும் சுற்றிப் பார்ப்பேன். கலைஞர் டிவி இருந்தால் 2006-க்கும் 2011-க்கும் இடையில் அந்த வீட்டில் ரேஷன் கார்டு இருந்திருக்கிறது. அம்மா படம் போட்ட மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்றால் 2011-க்குப் பிறகு. படம் போட்ட லேப்டாப் என்றால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிளஸ் டூ வரைக்கும் வந்திருக்கிறது. "டிவி வாங்கறப்ப இது கூரையா, ஓட்டு வீடா?" "மிக்சி வந்தப்ப நீங்க கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டிருந்தீங்களா, நிறுத்தியாச்சா?" இப்படிக் கேட்டால் வருஷம் வந்து விழும். டேப்பில் வருஷத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது என்பதால் எங்கள் குழுவிலேயே சிலர் தெரியாத இடத்திலெல்லாம் 2000 என்று போட்டார்கள். பின்னால் பார்த்தால் 2000-ல் ஒரு கிராமமே வேலை மாறியிருந்தது.

வருமானத்தை மட்டும் நேராகக் கேட்காதீர்கள், அதுவும் இப்போது. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் ஆரம்பித்ததிலிருந்து எல்லோருக்கும் அந்த எல்லைக்கோடுகள் மனப்பாடம்: வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்துக்குள், கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள். கையில் டேப்போடு, கழுத்தில் அட்டையோடு ஒரு பெண் வந்து நிலம் எவ்வளவு என்று கேட்டால் யார் என்று நினைப்பார்கள்? ஆயிரம் ரூபாயை வெட்ட வந்தவள் என்றுதான். ஒரு பாட்டி என்னைப் பார்த்ததும் ஃபிரிட்ஜ் மேல் புடவையைப் போட்டு மூடினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஆரம்பத்திலேயே, "ஆயா, இது கவர்மெண்ட் இல்ல, இதனால உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது, ஒண்ணும் போகவும் போகாது" என்று இரண்டையும் சொல்லிவிட வேண்டும். 'உங்கள் ஊருக்கு நல்லது நடக்கும்' என்று சும்மா ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் வறுமையைக் கூட்டிச் சொல்வார்கள், பயந்தால் வசதியைக் குறைத்துச் சொல்வார்கள், இரண்டும் ஒரே பக்கம்தான் சாயும். ஒன்றும் கிடைக்காது என்று சொன்னால் பேட்டி கொடுக்க மாட்டார்கள் என்று பயந்தேன். அப்படி எழுந்து போனவர்கள் ரொம்பக் குறைவு. பாட்டி பேட்டி முடிந்ததும் அந்த ஃபிரிட்ஜிலிருந்துதான் தண்ணி எடுத்துக் கொடுத்தார்.

இனி தானே.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்து ஊர் தெரிந்தது என்பார்கள், அதுவரை மரம் மறைத்திருந்த ஊர். முந்திரிக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர மூன்று நாலு வருஷம், சொல்லிக்கொள்கிற மகசூலுக்கு இன்னும் பல வருஷம். பலாவுக்கு அதைவிடக் கூட. ஆக, ஒரு தலைமுறைச் சேமிப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது.

எங்களுடைய முதல் சுற்று எடுத்தது 2012 நடுவில். அதாவது மரம் விழுந்த ஆறாவது மாதம்.

இது எனக்கு உடனே உறைத்தது என்று சொன்னால் பொய். மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் லேப்டாப்பைத் திறந்து, "பாருங்க, உங்க ஊருங்கள்ல முக்கால்வாசிக் குடும்பம் மேல ஏறியிருக்கு" என்று பச்சைப் பட்டைகளைக் காட்டினபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் ஒரு வீட்டுக்குப் போனேன். 2012 படிவத்தில் அந்த வீட்டுக்குக் கூரைக்குப் பதில் தார்ப்பாய், வருமானம் கூலி, நிலத்திலிருந்து ஒன்றுமில்லை. இப்போது மெத்தை வீடு, ஒன்றரை ஏக்கர் காய்க்கிற முந்திரி, மகன் டூவீலர் ஷோரூமில். அழகான பச்சைப் பட்டை. காலண்டர் தாளை விரித்து வைத்துக்கொண்டு பேசப் பேசத்தான், தானேக்கு முன்னால் அவர்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரி இருந்தது என்று வந்தது. மரம் விழுந்து, வட்டிக்கு வாங்கி, அடுத்த வருஷம் வீட்டுக்காரருக்கு சிறுநீரகக் கோளாறு, பாதிக் காட்டை விற்று ஆஸ்பத்திரிக்குக் கட்டினார்கள். "அந்தக் காடு இருந்திருந்தா பொண்ணை நர்ஸிங்குக்குப் போட்டிருப்பேன்" என்று அந்தம்மா சொன்னார். எங்கள் கணக்கில் அவர்கள் ஏறியவர்கள். அவர்கள் கணக்கில் பாதி வழுக்கி விழுந்து, பாதி எழுந்து நிற்கிறார்கள்.

இதற்கு நேர் எதிராகக் காலனியில் ஒரு வீடு. 2012-ல் அவர்களுக்கு வழக்கத்தை விட நல்ல வருமானம், ஏனென்றால் விழுந்த மரங்களை அறுத்து லாரியில் ஏற்றுகிற வேலை மாதக்கணக்கில் ஓடியது, ஆள் கிடைக்காமல் கூலி ஏறியிருந்தது. அந்த உச்சத்தோடு ஒப்பிட்டதால் 2024-ல் அந்தக் குடும்பம் 'மாற்றம் இல்லை' என்று மஞ்சளில் நின்றது. வீட்டில் கூலி வேலைக்குப் போகிறவர் இப்போது ஒருவர்தான். இரண்டு பெண்களும் நர்ஸ், ஒருத்தி சென்னையில், ஒருத்தி வெளிநாட்டில். இருவரும் ஒரே உலையில் சாப்பிடாததால் எங்கள் படிவத்துக்குள் வரவே இல்லை. அந்த ஊரிலேயே உண்மையாக ஒரு தலைமுறையில் தாண்டிய வீடு அது.

இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போட்டால் முதல் புள்ளி எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை, புள்ளிவிவரம் படித்த யாரும் சொல்வார்கள். ஆனால் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு 2012 என்பது ஒரு வருஷம், எங்களுக்குத்தான் அது தானே வருஷம். அன்றிலிருந்து நான் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை கேட்டேன்: தானேக்கு முன்னாடி, தானே வருஷம், இப்போ. படிவம் பூட்டியாச்சு, புதுக் கேள்வி சேர்க்க முடியாது என்றார்கள். சரி என்று 'குறிப்புகள்' என்று கீழே ஒரு காலி இடம் இருக்குமே, அதில் எழுதினேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைக்கிற அந்த இடத்தை நிரப்புங்கள். இருபது முப்பது வீட்டுக் குறிப்பு சேர்ந்ததும் அதைக் காட்டித்தான் பேச முடிந்தது, அப்புறம் மீதி ஊர்களுக்கு ஒரு பக்கம் சேர்த்தார்கள்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறியவர்களிடம் காரணம் கேட்டால் "உழைப்பு" என்பார்கள், மேலே ஒன்றும் வராது. இறங்கியவர்களிடம் கேட்டால் தேதியோடு சொல்வார்கள். அனிருத் கிருஷ்ணா என்கிற ஆய்வாளர் ராஜஸ்தானில் ஆரம்பித்து ஆந்திரா, கென்யா, உகாண்டா, பெரு என்று பல இடங்களில் ஊரை மொத்தமாக உட்கார வைத்து, ஏழைக் குடும்பத்துக்குக் கொஞ்சம் காசு வந்தால் முதலில் என்ன செய்யும் என்று கேட்டு ஒரு படிவரிசை போட்டார். முதலில் சாப்பாடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, வெளியே போக உடுப்பு, கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பது, இப்படி. அந்தப் படியில் வழுக்கி விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் நோயும் ஆஸ்பத்திரிச் செலவும் என்று கண்டார். நான் பார்த்ததும் அதுதான். ஏறுகிற காரணமும் இறங்குகிற காரணமும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம் இல்லை, வேறு வேறு நாணயம். தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஏணிக் கேள்வி என்று ஒன்று உண்டு. பத்துப் படி வரைந்து காட்டி, நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பது. எல்லோரும் அஞ்சு என்றார்கள். "நடுவுல போட்டுக்கம்மா, யாருக்கும் வருத்தம் வேணாம்." கல்யாணம் ஆகி வந்தப்போ எந்தப் படி, தானேக்கு முன்னாடி எந்தப் படி, இப்போ எந்தப் படி என்று உடைத்துக் கேட்டால்தான் விரல் நகர்ந்தது.

பெண்களைத் தனியாகக் கேட்பதற்கு எங்களுக்கு ஒரே ஒரு தந்திரம்தான். இரண்டு பேராகப் போவோம். கூட வருகிற தம்பி திண்ணையில் வீட்டுக்காரரோடு நிலக் கணக்கு பேசுவான், நான் பின்கட்டுக்குப் போய் அவர்கள் செய்கிற வேலையில் கூடக் கையை வைப்பேன். குழுக் கடன், வாரக் கடன் எல்லாம் அங்கேதான் தெரியும். பல வீட்டில் வீட்டுக்காரருக்குத் தெரியாத கடன் அது. அதனால் அதைத் திண்ணைக்கு வந்து சரிபார்க்கக் கூடாது. இரண்டு பேர் சொல்கிற தொகை வேறாக இருந்தால் வேறாகவே எழுதுங்கள். நேரத்தையும் பாருங்கள், நூறு நாள் வேலை நடக்கிற ஊரில் ஒன்பது மணிக்குப் போனால் கிழவர்களும் நாயும்தான் இருப்பார்கள்.

அந்தப் பின்கட்டில்தான் என் தப்பு எனக்குத் திரும்பத் தெரிந்தது. "உங்க அப்பா என்ன வேலை?" என்று மட்டும்தான் படிவம் கேட்டது. அம்மாவின் வேலைக்கு ஒரு கட்டம் இருந்தது, கட்டாயம் இல்லை, தாண்டிப் போகலாம். நான் தாண்டிக்கொண்டிருந்தேன். "அம்மா வீட்லதான?" என்று நானே பதிலையும் சேர்த்துக் கேட்டு, "ஆமா" என்றதும் அடுத்தது. ஒரு நாள் மத்தியானம் ஒரு அக்கா முறத்தில் கொட்டை புடைத்துக்கொண்டே பேசினார். அவர் விரலைப் பார்த்தேன். "உங்க அம்மாவும் கொட்டை உடைச்சாங்களா?" என்றேன். "பின்ன? அவங்கதான எங்களை வளர்த்தாங்க. அப்பா எங்க?" என்றார். அப்பா என்ற கட்டத்தில் நான் ஏற்கெனவே 'விவசாயக் கூலி' என்று பதிந்திருந்தேன். அவர் இந்த அக்காவுக்கு ஆறு வயதாக இருந்தபோதே வீட்டை விட்டுப் போனவர்.

அதற்குப் பிறகு 'அம்மா என்ன வேலை' என்று கேட்கவே இல்லை. "உங்க அம்மா காலையில எழுந்து எங்கெல்லாம் போவாங்க? அந்தக் காசை யாரு கையில கொடுப்பாங்க?" என்று கேட்டேன். நாற்று நடவு, களையெடுப்பு, கொட்டை உடைப்பு, பூக்கட்டு, செங்கல் சூளை, அடுத்தவர் வீட்டுப் பாத்திரம், எல்லாம் வந்தது. எந்த வீட்டில் பெண் பிள்ளை பத்தாவது தாண்டியதோ அந்த வீட்டில் அம்மாவின் காசு அம்மா கையிலேயே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இது நான் போன வீடுகளில் நான் கண்டது, கணக்குப் போட்டு நிரூபிக்க முடியாது.

ஏன் முடியாது என்றால், ஆய்வு முடிந்து சில மாதம் கழித்து அலுவலகத்தில் ஒருவரிடம் போனில் கேட்டேன், அம்மாக்களின் வேலையை வைத்து ஏதாவது அட்டவணை போட்டீர்களா என்று. அந்தப் பத்தியில் காலி ரொம்ப அதிகம், பயன்படுத்த முடியாது என்று விட்டுவிட்டோம் என்றார். முதல் இரண்டு வாரப் படிவங்கள்தான் முக்கியமாகக் காலியாம். அதில் என்னுடையது 31.